கிராம சபையில் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டுமா? ஒரு முழுமையான வழிகாட்டி

கிராம சபையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்கி, குடவோலையைப் புகழ்ந்துவிட்டு, அதோடு மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் போட்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதன்முதலாகக் கிராம சபைக்குப் போன அன்று, எங்கள் தெருவுக்குக் குடிநீர் ஏறுவதில்லை என்று எழுந்து பேசினேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள். “பண்ணிடலாம் தம்பி, உட்காருங்க” என்றார் தலைவர். டீ வந்தது, நோட்டு வந்தது, கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தால் 14 தீர்மானங்கள் இருந்தன. தண்ணீரைப் பற்றி அரை வரிகூட இல்லை. எல்லாம் “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. அந்த ஏக மனதில் நானும் ஒரு மனது!

கூட்டத்தில் பேசியது காற்றோடு போய்விடும், புத்தகத்தில் ஏறியதுதான் நிற்கும் என்று அன்றைக்குப் புரிந்தது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வரியை ஏற்றுவதற்கும், ஏறியபின் அதைக் கையில் வாங்குவதற்குமான வழிதான்.

சட்டம் உங்களுக்கு என்ன தந்திருக்கிறது

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. அதாவது நீங்கள் அங்கே பார்வையாளர் இல்லை, உறுப்பினர். சட்டமன்றத்துக்கு எம்.எல்.ஏ. எப்படியோ, கிராம சபைக்கு நீங்கள் அப்படி. உங்களைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வேண்டாம், பதவிக்காலமும் முடியாது.

தமிழ்நாட்டில் இதை நடத்துவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், கூட்டம் கூட்டுவதற்கும் நடத்துவதற்குமான 1998ஆம் ஆண்டு விதிகளும். சட்டத்தின் 3ஆவது பிரிவு கிராம சபைக்கு உரியது. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, வேலைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கேட்பது எல்லாம் சபையின் வேலை. “கணக்கைக் காட்டுங்கள்” என்று நீங்கள் கேட்பது தொந்தரவு கொடுப்பதாகாது. கூட்டத்தைக் கூட்டுவதே அதற்காகத்தான்.

முதல் படி: உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

இது சின்ன விஷயம், ஆனால் இங்கேயே பலர் தவறுகிறார்கள். உங்கள் ஊர் கிராம ஊராட்சியா பேரூராட்சியா என்று முதலில் பாருங்கள். பார்க்கக் கிராமம் போலவே இருந்தாலும் பேரூராட்சி என்றால் அங்கே கிராம சபை கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, கடைசியில் வருகிறேன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வாக்கை ஊரிலேயே வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம், அவர்களும் உறுப்பினர்கள்தான்.

இரண்டாம் படி: எப்போது, எங்கே

குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களும் நெடுங்காலமாக உள்ளவை. 2022இல் இவற்றோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து, ஆண்டுக்கு 6 கூட்டங்கள் ஆயின.

காலண்டரை மட்டும் நம்பிப் பஸ் ஏறிவிடாதீர்கள். 2024 நவம்பர் 1 தீபாவளியை ஒட்டி வந்ததால் அந்தக் கூட்டம் 23ஆம் தேதி நடந்தது. 2025 அக்டோபர் 2 கூட்டம் 11ஆம் தேதிக்குப் போனது. கூட்டத்துக்கு 7 நாட்களுக்கு முன்பே ஊராட்சி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் தண்டோரா போட்டார்கள். 2022இல் அதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதிவிட்டார், இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். சொல்லாமலே விடுகிற ஊர்களும் உண்டு. எதற்கும் ஒரு வாரத்துக்கு முன்பு ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையைப் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஒட்டவே இல்லையென்றால் வெறும் பலகையையும் படம் எடுங்கள். பின்னால் மனு கொடுக்கும்போது அந்தப் படம் பேசும்.

இடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கோயில், மசூதி, சர்ச் வளாகங்களில் நடத்தக் கூடாது. தாய்க் கிராமத்திலேயே எப்போதும் நடத்தாமல் குக்கிராமங்களுக்கும் சுழற்சி முறையில் கொண்டுபோக வேண்டும். கோயில் மண்டபத்தில் நடத்தினால் உள்ளே வர முடியாதவர்கள், வரத் தயங்குகிறவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த விதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: போவதற்கு முன் இரண்டு மணி நேரம்

வெறுங்கையோடு போனால் ஆவேசமாகப் பேசலாம், அவ்வளவுதான். மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முந்தைய கூட்டத்தின் தீர்மானங்கள். இரண்டு, மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் பக்கம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் அந்த ஆண்டுத் திட்டத்தில் என்னென்ன வேலை இருக்கிறது, நிதிக்குழு மானியத்திலிருந்து எதற்குப் பணம் போயிருக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் தெருவில் போடாத சிமென்ட் சாலை அங்கே போட்டு முடித்ததாக இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் இது. கிராம சபையன்று இதை பிளக்ஸ் அடித்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். பல ஊர்களில் வைப்பார்கள், ஆனால் பந்தலுக்குப் பின்னால், படிக்க முடியாத எழுத்தில். அதனால் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே போய்ப் படம் எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள். நான் முதலில் பார்ப்பது தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் இந்த மூன்று வரிகளை. சாலை என்றால் கண்ணுக்குத் தெரியும். எரிந்துபோன பல்பும், கரைந்துபோன பவுடரும் யார் கண்ணுக்கும் தெரியாது பாருங்கள்!

நான்காம் படி: பேசப்போவதை எழுதுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே, கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது.

எப்படி எழுதுவது? நான் முதன்முதலாக எழுதியது இப்படி: “எங்கள் பகுதியில் குடிநீர் சரியாக வருவதில்லை. தக்க நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதைப் படித்துவிட்டு எந்த ஊராட்சிச் செயலரும் “ஆவன செய்யப்படும்” என்று எழுதி மூடிவிடலாம். ஆவன செய்தார்களா இல்லையா என்று யாரும் அளக்க முடியாது.

இரண்டாவது முறை எழுதியது:

“3ஆவது வார்டு கிழக்குத் தெருவில் கடைசி 12 வீடுகளுக்கு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து கடந்த நான்கு மாதங்களாகத் தண்ணீர் ஏறவில்லை. தெரு முனை வால்விலிருந்து தனிக் குழாய் அமைக்க ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு பெற்று, அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும் என இக்கிராம சபை தீர்மானிக்கிறது.”

எந்த இடம், எத்தனை வீடு, யார், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். “கேட்டுக்கொள்கிறேன்” போய் “இக்கிராம சபை தீர்மானிக்கிறது” வந்திருக்கிறது. தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் செயலருக்கும் வேலை மிச்சம். நம்புங்கள், அவரும் அன்றைக்கு ஒரு நாளில் இருபது பதிவேடு எழுத வேண்டிய மனிதர்தான்.

ஐந்தாம் படி: கூட்டத்துக்குள்

தலைவர்தான் தலைமை ஏற்பார், அவர் இல்லையென்றால் துணைத் தலைவர். 2019 இறுதியில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் நாற்காலியில் அதிகாரி இருப்பார். சபை அதே சபைதான், உங்கள் உரிமையில் ஒன்றும் குறையாது. இதைத் தவிர ஒவ்வொரு கூட்டத்துக்கும் ‘பற்றாளர்’ என்று ஓர் அரசு அலுவலரை அனுப்புவார்கள். பெரும்பாலும் வேறு துறைக்காரர், கூட்டம் ஒழுங்காக நடந்ததா என்று அறிக்கை கொடுக்க வேண்டியவர். ஓரமாக உட்கார்ந்து எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். போனதும் அவரைக் கண்டுபிடித்து வணக்கம் சொல்லி, உங்கள் மனுவின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பின்னால் “அப்படி ஒரு மனுவே வரவில்லை” என்று யாரும் சொல்வது கடினமாகிவிடும்.

அடுத்தது குறைவெண், அதாவது கோரம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். தலைகளை எண்ணுங்கள். 40 பேர் உட்கார்ந்திருக்கும் பந்தலில் வருகைப் பதிவேட்டில் 212 கையெழுத்து இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்கு வரும் பெண்களிடம் முந்தின நாளே வேலைத்தளத்தில் வாங்கிவிடுவதும் உண்டு. அந்தப் பெண்கள்மேல் கோபப்படாதீர்கள், கையெழுத்துப் போடாவிட்டால் வேலை கிடைக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

உங்கள் கையெழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். வருகைப் பதிவேட்டில் போடலாம், போட வேண்டும். எழுதாத தீர்மானப் பக்கத்தின் கீழே மட்டும் போடவே கூடாது. “எல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்” என்றால், “சரி, எழுதுங்க, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். முதல் முறை முறைப்பார்கள், மூன்றாவது முறை உங்களுக்காகவே எழுதி வைத்திருப்பார்கள்.

பேசும்போது தனியாக எழுந்திருக்காதீர்கள். உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரை, அதிலும் பெண்களை, அழைத்துப் போய்ச் சேர்ந்தாற்போல் உட்காருங்கள். முறை வந்ததும் எழுந்து, மனுவில் எழுதியதை அப்படியே வாசியுங்கள். வாசித்து முடித்ததும், “இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன், ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பத்துக் கை தூக்கினால் பின்னாலேயே இன்னும் முப்பது கை வரும். எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் இனிமேல் உங்கள் சாவி.

“இது கூட்டப்பொருளில் இல்லையே” என்பார்கள். முத்திரை வாங்கிய மனுவைக் காட்டுங்கள். “இதர பொருள்” என்று கடைசியில் ஒன்று எப்போதும் இருக்கும், அதிலாவது ஏற்றச் சொல்லுங்கள்.

சத்தம் வரலாம். 2023 காந்தி ஜெயந்தியன்று விருதுநகர் மாவட்டத்தில் கேள்வி கேட்ட விவசாயியை ஊராட்சிச் செயலர் காலால் உதைத்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். யாரோ ஒருவர் கையில் செல்போன் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது வெளியே வந்தது. அதனால் நீங்கள் பேசும்போது உங்களோடு வந்தவர் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். நீங்களும் தலைவரின் வீட்டு விவகாரத்தையோ சாதியையோ தேர்தல் பகையையோ இழுக்காதீர்கள். அப்படி இழுக்க வேண்டும் என்றுதான் சிலர் காத்திருப்பார்கள். கைகலப்பில் முடிந்த கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் ஏறாது.

ஆறாம் படி: நகல்

கூட்டம் முடிந்த ஒரு வாரத்தில் ஊராட்சிச் செயலரிடம் நேரிலேயே கேட்டுப் பாருங்கள். சிலர் அப்போதே புத்தகத்தைக் காட்டி படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை, 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது 6(3) பிரிவு.

ஏன் வேண்டும், எதற்கு வேண்டும் என்று காரணம் எழுதத் தேவையில்லை. “ஏன் என் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை?” என்று கேள்வியாகவும் கேட்காதீர்கள். ஆவணமாகக் கேளுங்கள். இந்தத் தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டு நகல், வருகைப் பதிவேட்டு நகல், அன்று வைத்த படிவம் 30இன் நகல், பற்றாளரின் அறிக்கை நகல். இந்த நான்கு போதும். இன்னொரு வரியும் சேருங்கள்: சட்டப் பிரிவின் எண்ணைத் தேடிக் குழம்பாமல், மூலப் பதிவேடுகளை நேரில் ஆய்வு செய்ய நாளும் நேரமும் குறித்துத் தரும்படி எளிமையாகக் கேளுங்கள். ஆய்வு செய்வதும் தகவல் உரிமையில் அடங்கியதே. மூலப் புத்தகத்தைப் புரட்டினால் இடையில் விட்ட வெற்றுப் பக்கங்கள் கண்ணில் படும், நகலில் அது தெரியாது.

30 நாட்களில் பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் ஒன்றுமில்லையென்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம், ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே பாதி நகல்கள் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஏழாம் படி: தீர்மானம் ஏறிவிட்டது, அப்புறம்?

தீர்மானம் கையில் வந்துவிட்டால் அரசாங்கமே கட்டுப்பட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஊராட்சியின் கையில் இருக்கிற வேலைக்கு அதன் பலம் அதிகம். மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கிற விஷயத்தில் அது மக்களின் நிலைப்பாட்டுக்கான அதிகாரபூர்வச் சான்று, அவ்வளவே. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022 முதல் கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது, திட்டமும் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. மறுபக்கம் மதுரை மேலூர்ப் பக்கம். 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்துவிடவில்லை, மக்கள் தெருவில் நின்றார்கள். ஆனால் அந்த ஊர்கள் வேண்டாம் என்றன என்பதை யாரும் மறுக்க முடியாதபடி தாளில் இருந்தது.

குழாய், விளக்கு, சாலை போன்றவற்றுக்கு வழி இது: தீர்மான நகலை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு. அசையவில்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், கூட்டமே நடக்காத ஊர்களைப் பற்றிய புகாரும் அவரிடமே போக வேண்டும். முதலமைச்சரின் உதவி எண்ணான 1100இலும் பதியலாம். பணம் கையாடல் என்று ஆவணத்தோடு சொல்ல முடிந்தால் உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது.

நகரத்துக்காரர்களுக்கு

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி வாசிகளுக்குப் பகுதி சபா. இதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கவுன்சிலர் தலைமையில் கூட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால், பல வார்டுகளில் இது எப்போது நடந்தது என்று கவுன்சிலர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாது. மனு, தீர்மான எண், நகல் என்ற அதே வழிதான் இங்கும்.

மன்றக் கூட்டம் வேறு. அங்கே பேசுகிறவர்கள் கவுன்சிலர்கள் மட்டும். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் குழுக்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதையும் தானாகவே அறிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் நகராட்சி அப்படி அறிவித்திருக்கிறதா என்று ஒரு மனு போட்டுக் கேளுங்கள். வருகிற பதிலைப் பொறுத்துக் கூட்டத்துக்குப் போகலாம், அல்லது குறிப்புகளின் நகலைக் கேட்கலாம்.

எங்கள் கிழக்குத் தெருவுக்கு வருகிறேன். அந்த இரண்டாவது மனு தீர்மானமாக ஏறிய பிறகு, அடுத்த கூட்டத்துக்கு அதன் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். முதல் ஆளாக எழுந்து, “போன கூட்டத்துத் தீர்மானம் எண் 9, மதிப்பீடு எங்கே?” என்றேன். செயலர் தலைவரைப் பார்த்தார், தலைவர் ஓவர்சியரைப் பார்த்தார், ஓவர்சியர் தன் பையைப் பார்த்தார். பையில் மதிப்பீடு இல்லை. அன்றைய தீர்மானம் எண் 1 அதைப் பற்றித்தான், தேதி குறித்து எழுதினார்கள். எழுதி முடிக்கும்வரை நோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.